ஐசோடோப்பு என்றாலே கதிர்வீச்சா?

"சார், அந்த ஸ்கேனுக்கு ஐசோடோப்பு ஏத்துவாங்களாம். பயந்துபோய் வேண்டாம்னுட்டோம்." இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஐசோடோப்பு என்றால் கதிர்வீச்சு, கதிர்வீச்சு என்றால் புற்றுநோய் என்று எங்கோ பதிந்துவிட்டது. வேதியியலில் பட்டம் வாங்கியவர்களே இப்படிப் பேசும்போது கோபம்தான் வருகிறது.

ஒரு தனிமத்தின் அணுக்கள் அனைத்திலும் புரோட்டான்களின் எண்ணிக்கை ஒன்றுதான். நியூட்ரான்கள் மட்டும் கூடலாம், குறையலாம். அப்படி வேறுபடும் அணுக்களே ஐசோடோப்புகள். ஆகவே உலகில் எந்த அணுவும் ஏதாவதொரு ஐசோடோப்புதான். உங்கள் உடம்பிலுள்ள கார்பனில் ஏறக்குறைய 99 சதவீதம் கார்பன்-12, ஒரு சதவீதம் கார்பன்-13. இரண்டும் கதிர் வீசாதவை. கதிர் வீசும் கார்பன்-14 மிக மிகச் சொற்பம். வெள்ளீயத்துக்கு 10 நிலையான ஐசோடோப்புகள் உண்டு. தண்ணீரில் சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று டியூட்டீரியம். அதுவும் நிலையானதே. அணு உலைக்குப் போகிறது என்ற ஒரே காரணத்துக்காக, டியூட்டீரியம் செறிந்த கனநீரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். தூத்துக்குடி ஆலையில் பிரித்தெடுத்த கனநீர் கதிரியக்கப் பொருளே அல்ல.

கதிர் வீசும் ஐசோடோப்புகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. அவற்றில் ஒன்று உங்களுக்குள்ளேயே இருக்கிறது. பொட்டாசியத்தில் 0.0117 சதவீதம் பொட்டாசியம்-40. வளர்ந்த ஒருவரின் உடலில் நொடிக்கு 4,000-க்கும் மேற்பட்ட பொட்டாசியம்-40 அணுக்கள் சிதைகின்றன. இளநீரிலும் கீரையிலும் இருப்பது இதே பொட்டாசியம்தான். அதற்காக இளநீரை ஒதுக்குவோமா?

எந்த ஐசோடோப்பு, எவ்வளவு, எத்தனை நேரம்? கேட்க வேண்டிய கேள்விகள் இவை. ஸ்கேனுக்குப் பெரும்பாலும் செலுத்துவது டெக்னீசியம்-99எம். அதன் அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். 24 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். சிறுநீரில் வெளியேறுவது தனிக்கணக்கு. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மற்றவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டுத் தேவையான பரிசோதனையைத் தள்ளிப்போடுவது அறியாமை. செர்னோபில் விபத்தில் பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டைக் கெடுத்த அயோடின்-131, மருத்துவமனையில் தைராய்டு புற்றுநோய்க்கு மருந்தாகிறது. ஐசோடோப்பு ஒன்றுதான், அது யாருக்கு, எதற்காக, எந்த அளவில் என்பதில்தான் வேறுபாடு.

மற்றத் தவறான எண்ணங்களைச் சட்டென்று முடிக்கலாம். "குளோரின் அணுவின் நிறை 35.5" என்கிறார்கள். அந்த நிறையுள்ள குளோரின் அணு ஒன்றுகூடக் கிடையாது. குளோரின்-35 மூன்று பங்கு, குளோரின்-37 ஒரு பங்கு. அவற்றின் சராசரிதான் அது.

தனிம வரிசை அட்டவணை அணு நிறைப்படி அமைந்தது என்பதும் பழைய கதை. 1913-இல் இயற்பியலாளர் மோஸ்லி அணு எண்ணே அடிப்படை என்று காட்டிவிட்டார். ஆர்கான் 39.95, அதற்கு அடுத்த பொட்டாசியம் 39.10. நிறை எப்படி இறங்கியது? காற்றிலுள்ள ஆர்கான் ஏறக்குறைய முழுவதும் ஆர்கான்-40. பாறைகளின் பொட்டாசியம்-40 சிதைந்து சேர்ந்தது அது. பொட்டாசியத்திலோ 93 சதவீதம் பொட்டாசியம்-39. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது.

அட்டவணையில் ஒரே குடும்பம் என்றால் ஒரே குணம் என்பதும் பாதி உண்மைதான். ஸ்ட்ரான்சியம்-90 எலும்பில் தங்குவதற்குக் கால்சியத்துடன் அதற்குள்ள உறவே காரணம். ஆனால் கார்பனும் காரீயமும்கூட ஒரே குடும்பம்!

ஆசிரியர்களே, 118 தனிமங்கள் இல்லாத அட்டவணை உங்கள் வகுப்பில் தொங்கினால் இன்றே கழற்றுங்கள். புதியதில், நிலையான ஐசோடோப்புகள் உள்ள ஒவ்வொரு தனிமத்துக்கும் கீழே அவற்றை மாணவர்களையே எழுதவையுங்கள்.