கத்தியின் தோய்ச்சற் கோடும் அதன் பயனும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள வெல்லாவெளிப் பகுதியில் இன்று அறுவடை இயந்திரங்கள் பெருமளவில் வயலுக்கு வருகின்றன. ஆயினும் சேறான வயல் மூலைகளை அறுத்தல், வேலி கட்டுதல், பற்றை வெட்டுதல், வாழைக்குலை இறக்குதல், காய்கறி கொய்தல் ஆகியவற்றுக்குக் கத்தியே வேண்டும். வேலைப் பொழுதில் கத்தியின் வாய் மடங்கினால் நாட்கூலி வீணாகும். வாய் உடைந்து சிதறினால் கண்ணுக்கும் கைக்கும் கேடு நேரும். இவ்விரு குறைகளும் பெரும்பாலும் தோய்ச்சலின் பிழையால் வருவனவாகும். ஆகவே கத்தியைச் செய்விக்கும் கமக்காரரும் தோய்ச்சலின் முறையை அறிந்திருத்தல் நன்று.

கோடு தோன்றும் காரணம்

உருக்கு என்பது சிறிதளவு காபன் கலந்த இரும்பாகும். அதனைச் செந்நிறமாகக் காய்ச்சிச் சட்டெனக் குளிரச் செய்தால் காபன் உள்ளே சிறைப்பட்டு உருக்கு மிகக் கடினமாகும். மெதுவாகக் குளிரவிட்டால் மென்மையாகவும் வளைந்து கொடுப்பதாகவும் இருக்கும். கத்தியின் வாய் கூர்மையைத் தாங்குவதற்குக் கடினமாகவும், முதுகு அதிர்ச்சியைத் தாங்குவதற்கு மென்மையாகவும் இருத்தல் வேண்டும். வாய்ப் பக்கத்தை மாத்திரம் விரைந்து குளிரச் செய்தால் இவ்விரு குணங்களும் ஒரே கத்தியில் அமையும். அவ்விரு பகுதிகளும் சந்திக்கும் எல்லையே தோய்ச்சற் கோடு.

யப்பானிய வாட்கொல்லர் வாளின் முதுகில் களிமண்ணைத் தடிப்பாகப் பூசி இக்கோட்டைப் பெறுகின்றனர். நம் நாட்டிலும் உருக்குத் தொழில் தொன்மையானது. சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றின் விசையால் எரிந்த பழைய இரும்புருக்கு உலைகளைக் கில் ஜூலெப் என்னும் ஆய்வாளர் ஆராய்ந்து, 1996 ஆம் ஆண்டில் உலகறிய வெளியிட்டார்.

ஏற்ற உருக்கு

பழைய கையரம் போன்ற, காபன் மிகுந்த தனி உருக்கில் கோடு நன்கு தெரியும். லொறியின் வில்லுத்தகட்டில் குரோமியம், மங்கனீசு முதலியன கலந்திருப்பதால், அது முதுகு வரை கடினமாகும் இயல்புடையது. கோடு தெளிவாகத் தோன்றாது. அதனால் அது குறைந்த உருக்கு என எண்ணுதல் தவறு. அதனை நீரில் தோய்த்தால் வெடிக்கக்கூடும். எண்ணெயில் தோய்த்தலே தக்கது.

செய்முறை

1. கத்தியை அடித்து உருவாக்கியபின், மூன்று முறை செந்நிறமாகக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுக. இதனால் உருக்கின் மணிகள் நுண்மையடையும். வாயை மிக மெல்லிதாகத் தீட்டிவிடாது, ஒரு மில்லிமீற்றர் தடிப்பு இருக்க விடுக.

2. சிரட்டைக்கரி அல்லது மரக்கரி உலையில் கத்தியைச் சீராகக் காய்ச்சுக. நிழலான இடத்திலேயே நிறத்தைச் சரியாகக் காணலாம். ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் உருக்குக் காந்தத்தில் ஒட்டாது போகும். அந்நிலையைச் சற்றுத் தாண்டியதும் தோய்த்தல் வேண்டும். மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சினால் மணிகள் பருத்து, கத்தி எளிதில் உடையும்.

3. வாய்ப் பக்கத்தை ஏறத்தாழ அரை அங்குல ஆழத்துக்கு, இளஞ்சூடான தேங்காயெண்ணெயில் அமிழ்த்துக. கத்தியைச் சற்றே மேலும் கீழும் அசைத்தல் வேண்டும். அசையாது பிடித்தால் எல்லை கூர்மையாகி அவ்விடத்தில் வெடிப்பு நேரலாம். முதுகின் செந்நிறம் மறைந்தபின் முழுவதையும் அமிழ்த்துக. எண்ணெய் தீப்பற்றக்கூடும் என்பதால் இரும்புப் பாத்திரத்தையே பயன்படுத்தி, அதற்கேற்ற மூடியை அருகில் வைத்திருக்க.

4. வாயில் அரத்தை மெல்ல உராய்க. அரம் பிடிக்காது வழுக்கினால் தோய்ச்சல் சரியாகும்.

5. இந்நிலையில் வாய் கண்ணாடி போல் நொறுங்கும் தன்மையுடையது. ஆகவே தாமதியாது விறைப்பைத் தணித்தல் வேண்டும். கத்தியைத் துலக்கி, காய்ச்சிய இரும்புக் கட்டியின் மேல் முதுகு படும்படி வைத்து நிறத்தைக் கவனிக்க. காய்கறிக் கத்திக்கு வாய் இளவைக்கோல் நிறம் பெற்றதும், பற்றை வெட்டும் கத்திக்குக் கபில நிறம் பெற்றதும், நீரில் நனைத்து நிறுத்துக. நீலம் வாயை அடைந்தால் கடினம் பெரிதும் குறைந்துவிட்டதென அறிக.

முதலில் அதே உருக்கின் சிறு துண்டொன்றைத் தோய்த்து, துணியால் சுற்றி முறித்துப் பார்த்தல் நலம். முறிந்த முகம் நுண்ணிய சாம்பல் நிறமாயின் வெப்பம் சரியானது. சீனி போல் பருத்து மின்னினால் வெப்பம் மிகையானது.

கோட்டைக் காணும் வகை

கத்தியைத் தீட்டுக்கல்லின் நுண்பக்கத்தில் நீர்விட்டுத் துலக்கி, எண்ணெய்ப்பசை நீங்கக் கழுவுக. தேசிக்காய்ச் சாற்றைச் சில நிமிடம் பூசி வைத்தால் வாயும் முதுகும் வெவ்வேறு சாயலாகப் பிரிந்து, இடையே மேகம் போன்ற கோடு தோன்றும். பின்னர் அப்பச்சோடா கரைத்த நீரில் கழுவி, துடைத்து, தேங்காயெண்ணெய் பூசுக.

தீட்டியதால் ஏற்படும் விளிம்பு நேரான கோடாகத் தெரியும். அது தோய்ச்சற் கோடன்று. துலக்கியபின்னும் தேசிக்காய்ச் சாற்றால் அதே இடத்தில் மீண்டும் தோன்றுவதே உண்மையான கோடு.

கமக்காரருக்கு உரிய பயன்

கோட்டுக்கும் வாய்க்கும் இடையிலுள்ள அகலமே கத்தியின் எஞ்சிய ஆயுளாகும். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் அவ்வகலம் குறையும். வாய் கோட்டை நெருங்கியபின் எவ்வளவு தீட்டினாலும் கூர்மை நில்லாது. அப்பொழுது கத்தியை எறிந்துவிடாது, மறுதோய்ச்சலுக்குக் கொல்லரிடம் கொடுத்தல் வேண்டும். முதுகின் உருக்கும் அதே உருக்காதலால், மீண்டும் காய்ச்சித் தோய்த்தால் புதிய வாய் கடினம் பெறும்.

சுழலும் சாணையில் நீரின்றித் தீட்டுவதும் தீங்கானது. வாய் நீலம் பாய்ந்தால் அவ்விடத்தில் தோய்ச்சல் கெட்டுவிடும். அடிக்கடி நீரில் நனைத்துத் தீட்டுக; இயன்றவரை கைக்கல்லையே பயன்படுத்துக. தோய்ந்த கத்தியின் வாயைச் சுத்தியலால் அடித்தல் ஒருபோதும் கூடாது. தெறிக்கும் சிம்பு கண்ணைப் பறிக்கும்.

மாரி வேளாண்மை அறுவடை தொடங்குமுன் வீட்டிலுள்ள கத்திகளின் கோட்டை ஒருமுறை பார்த்துவைத்தால், வேலை மும்முரமான நாளில் கொல்லர் பட்டறையைத் தேடி ஓட வேண்டிய நிலை நேராது.