லைசென்ஸ் வந்தால் கராஜ் கடையாகிவிடாது

“ஃபெடரல் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டால் ஊர் நிர்வாகம் எப்படித் தடுக்கும்?” அமெரிக்க நகராட்சி ஒன்றின் திட்டப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போன மாதமும் ஒருவர் வந்தார். கராஜில் துப்பாக்கி பழுதுபார்த்து விற்க ஏற்பாடு. இரும்புப் பெட்டகத்தைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கி, கேமரா மாட்டி, விசிட்டிங் கார்டும் அச்சடித்தாயிற்று. எங்கள் வரைபடத்தில் அவர் மனை மஞ்சள், அதாவது தனி வீடுகளுக்கான பகுதி. வாடிக்கையாளர் வந்துபோகும் தொழில் எங்கள் ஊரில் அங்கே கூடாது. “வாஷிங்டனே கொடுத்துவிட்டது” என்று லைசென்ஸை எடுத்து நீட்டினார்.

உள்ளூர் விதியை மீறும் அனுமதியை வாஷிங்டன் கொடுக்கவே இல்லை. 1968ஆம் வருடத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 923ஆம் பிரிவைப் படியுங்கள். இந்த இடத்தில் இந்தத் தொழிலை மாநிலச் சட்டமோ உள்ளூர்ச் சட்டமோ தடுக்கவில்லை, ஒப்புதல் கிடைத்த 30 நாளுக்குள் உள்ளூர் விதிகளை நிறைவேற்றுவேன், அதுவரை தொழிலைத் தொடங்கமாட்டேன் என்று விண்ணப்பிப்பவரே உறுதி தர வேண்டும். 1994இல் சேர்த்த நிபந்தனை இது. அந்த வரிகளைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள்! தெரிந்தே பொய் உறுதி தந்தால் அது ஃபெடரல் குற்றம். நேரடியாக முரண்பட்டால் ஒழிய மாநிலச் சட்டங்களை இந்தச் சட்டம் அகற்றாது என்று 927ஆம் பிரிவும் சொல்கிறது.

கோர்ட்டுக்குப் போவேன் என்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். கலிபோர்னியாவின் அலமீடா கவுன்ட்டியில் குடியிருப்புப் பகுதிக்கு 500 அடிக்குள் துப்பாக்கிக் கடை கூடாது என்று விதி. அதை எதிர்த்த வழக்கில், ஆயுதம் விற்பதற்கென்று தனி உரிமை எதையும் அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தம் தரவில்லை என்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை விசாரணைக்கே எடுக்கவில்லை. டெக்சாஸில் துப்பாக்கி விஷயத்தில் ஊர்கள் தலையிட முடியாதே என்பார்கள். எல்லாத் தொழிலுக்கும் பொதுவான ஸோனிங் (நிலப் பயன்பாட்டு) விதிக்கு, அப்படித் தடுக்கும் மாநிலச் சட்டமே விலக்கு அளித்திருக்கிறது.

வீட்டு முகவரிக்கு லைசென்ஸே தரமாட்டார்கள் என்பதும் தவறு. உள்ளூர் விதி இடம் கொடுத்தால் தருகிறார்கள். ஆன்லைனில் மட்டும் விற்பவருக்கு ஸோனிங் கிடையாது என்பதும் அப்படித்தான். சரக்கு வைப்பதும் பார்சல் வண்டி வருவதும் வீட்டில்தானே? நகராட்சி சம்மதித்தாலும் வாடகை ஒப்பந்தமும் குடியிருப்போர் சங்க விதியும் தனியாக நிற்கும்.

பெட்டகம் வாங்குவதற்கு முன்னால் திட்டப் பிரிவுக்குப் போய், உங்கள் மனையில் இது நடக்கலாமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் வாயால் சொன்னது பின்னால் உதவாது. விதி பிடிக்கவில்லையென்றால் அதை மாற்றப் பொதுக் கூட்டத்துக்கு வாருங்கள். எங்கள் ஊரில் வீட்டுத் தொழில் விதியைத் திருத்தக் கூட்டம் போட்டபோது, அறுபது நாற்காலியில் நான்கு பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் அலுவலகத்துக்காரர்கள்.