சடலத்தின் முன் முதல் வாரம்

கேள்வி: எம்.பி.பி.எஸ். சேர்ந்த மகள், அனாட்டமி வகுப்பு தொடங்கியதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. மனம் மரத்துப்போனால்தான் டாக்டராக முடியுமா?
- ஒரு தாய், தேனி

பதில்: மரத்துப்போக வேண்டியதில்லை அம்மா. பாதிக் காரணம், சடலத்தைப் பதப்படுத்தும் ஃபார்மலின்தான். கண்ணைக் கரிக்கும், எத்தனை முறை கழுவினாலும் கையில் வாடை நிற்கும், சோற்றைப் பிசையும்போதும் அதுவே மூக்கில் ஏறும். போகப்போகப் பழகிவிடும். பிள்ளைகள் அந்த வகுப்பில் கிண்டலடிப்பது பல நேரம் பயத்தை மறைக்கத்தான். ஆனால் சடலத்துக்குப் பட்டப்பெயர் வைப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தைவானின் சூ சி பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் உடல்தானம் செய்தவரின் வீட்டுக்கே போய், அவர் வாழ்ந்த கதையைக் கேட்டுவந்த பிறகுதான் கத்தியைத் தொடுகிறார்கள். நம் நாட்டிலும் 2019-இல் வந்த பாடத்திட்டத்தில், சடலத்தை முதல் ஆசிரியராக மதிக்கக் கற்றுத்தரும் பகுதி உண்டு. தூக்கமும் கெட்டால், துறைப் பேராசிரியரிடம் தயங்காமல் பேசச் சொல்லுங்கள்.