கெட்ட செய்தி முதலாளியின் காதுக்கு வர வேண்டும்



"காலம் வேகமாக மாறுகிறது, எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை" என்று எல்லாக் கடைகளிலும் பேசிக்கொள்கிறோம். மூதூர் வியாபாரிகளுக்கு இது புதிதல்ல. 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. 2006 ஆகஸ்டில் கடைகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கந்தளாய்க்குப் போனோம். 2009இல் கிண்ணியாப் பாலமும், 2011இல் கங்கை, உப்பாறு, இறால்குழிப் பாலங்களும் திறக்கப்பட்டன. 2020இல் கொரோனா, 2022இல் டொலர் நெருக்கடி. இவற்றையெல்லாம் தாண்டி நின்ற கடைகளும் உண்டு, மூடப்பட்ட கடைகளும் உண்டு. பணம் நிறைய வைத்திருந்தவர்கள் மட்டும்தான் நின்றார்கள் என்று சொல்ல முடியாது. நின்றவர்களிடம் நான் கண்ட பொதுவான குணம் ஒன்று. கடையில் நடக்கும் பிழை அவர்களுடைய காதுக்கு விரைவில் வந்து சேர்ந்தது. என்னுடைய கடையில் அப்படி நடக்கவில்லை. அதனால் நான் இரண்டு தடவை அடிபட்டேன்.

எனக்கு ஹாட்வெயார் வியாபாரம். பாலங்கள் வருமுன் திருகோணமலைக்குப் போவதென்றால் லோஞ்சில் கொட்டியார் குடாவைக் கடக்க வேண்டும், அல்லது துறைக்குத் துறை பாதையில் ஏறி இறங்க வேண்டும். சீமெந்தையும் தகரத்தையும் அப்படிச் சுமந்து வர யாரும் விரும்பமாட்டார்கள். ஆகவே நான் வைத்ததுதான் விலை, நான் வைத்திருந்ததுதான் சாமான். பாலங்கள் திறந்து சில மாதங்களில் கடையில் நின்ற தம்பி ஒருவர் என்னிடம் சொன்னார்:

"முதலாளி, டைல்ஸ் கேட்டு வாறவங்க இப்ப திரும்பி வாறதில்ல. திருகோணமலையில எடுக்காங்க."

"நீ உன்ட வேலையப் பாரு தம்பி" என்றேன்.

அதன்பின் அவர் எதுவும் சொல்லவில்லை. ஊர் முழுவதும் மாறிவிட்டதை நான் விளங்கிக்கொள்ள ஏறத்தாழ இரண்டு வருடங்கள் சென்றன. அதற்குள் பழைய வாடிக்கையாளர்கள் பலர் போய்விட்டார்கள்.

இரண்டாவது அடி 2022இல். அவ்வருடம் மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை சென்றது. மார்ச் கடைசியில் நான் சாமான் தேடிக் கொழும்புக்குப் போயிருந்தேன். டீசல் இல்லாமல் வாகனம் மூன்று நாட்கள் அங்கேயே நின்றுவிட்டது. மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்ட நாட்கள் அவை. தொலைபேசியில் பேசுவதும் கஷ்டமாக இருந்தது. என் கடையில் விலையை மாற்றும் அதிகாரம் எனக்கு மட்டும்தான். வெளியூர் வியாபாரி ஒருவர் லொறியோடு வந்து கூரைத்தகரம் முழுவதையும் பழைய விலைக்கு ஏற்றிச் சென்றுவிட்டார். அந்தப் பணத்தில் அதே தகரத்தின் மூன்றில் இரண்டு பங்கைக்கூட என்னால் திரும்ப எடுக்க முடியவில்லை.

விலை ஏறிவிட்டது என்பது விற்றவருக்குத் தெரியும். முதல் நாள் வந்த லொறிச் சாரதி சொல்லியிருக்கிறார். "ஏன் நிறுத்தவில்லை?" என்று கேட்டேன். "நீங்க ஏசுவீங்க எண்டு பயம் முதலாளி" என்றார். ஏறத்தாழ பத்து வருடங்களுக்கு முன் ஒரு தம்பியை வாய்மூட வைத்ததன் விலையை அன்றுதான் கட்டினேன்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே கதிதான். நம் எல்லோருடைய கையிலும் ஒரு காலத்தில் நோக்கியா இருந்தது. 2007இல் உலகில் விற்பனையான கைத்தொலைபேசிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் அவர்களுடையவை. 2013இல் தொலைபேசிப் பிரிவை மைக்ரோசொப்ட்டுக்கு விற்க உடன்பட்டார்கள். அந்நிறுவனத்தின் முகாமையாளர்களைப் பின்னர் சந்தித்து ஆராய்ந்தவர்கள் கண்ட காரணங்களில் ஒன்று பயம். தங்கள் மென்பொருள் பின்தங்கியிருப்பது நடுத்தர அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. மேலிடத்துக்கு அதை உள்ளபடி சொல்ல அஞ்சினார்கள்.

ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் வேறு வழக்கம். வாகனம் பொருத்தும் வரிசையில் முன்பு ஒரு கயிறு தொங்கியது. பிழையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்க முடிந்தது. மேற்பார்வையாளர் உடனே வருவார். குறித்த நேரத்துக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நிற்கும். அதனால் சில நிமிட உற்பத்தி போகலாம். பிழையோடு வாகனம் வெளியே போவதை விட அது மேல் என்பது அவர்களுடைய கணக்கு.

இதற்கு ஜப்பான் வரை போக வேண்டியதுமில்லை. 2006இல் கந்தளாயில் நாங்கள் தங்கியிருந்த பாடசாலையில் சாப்பாட்டுக்குப் பொறுப்பாக நின்றவர் பெரிய முதலாளி அல்ல. காலையில் ஒவ்வொரு வகுப்பறைக்கும் போய், "நேற்று யாருக்குக் கிடைக்கல்ல?" என்று கேட்பார். "எல்லாருக்கும் கிடைச்சதா?" என்று கேட்டால் வெட்கத்தில் ஓம் என்றுதான் சொல்வார்கள் என்பார். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். அதிலிருந்த முகாமைத்துவப் பாடம் பதினாறு வருடங்கள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

இப்போது என் கடையில் நான் கடைப்பிடிப்பவற்றைச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவலாம்.

1. இரவில் கடை பூட்டுமுன் பத்து நிமிடம் எல்லோரும் உட்காருவோம். "இன்று என்ன கேட்டு வந்தார்கள், நம்மிடம் என்ன இருக்கவில்லை?" என்பதே முதல் கேள்வி. பதில்கள் ஒரு கொப்பியில் எழுதப்படும்.

2. இளையவர் முதலில் பேசுவார், நான் கடைசியில். முதலாளி முதலில் பேசினால் மற்றவர்கள் தலையைத்தான் ஆட்டுவார்கள்.

3. விலையில் சந்தேகம் வந்தால் கடையில் நிற்கும் யாரும் விற்பனையை நிறுத்தலாம். என்னிடம் கேட்கத் தேவையில்லை.

4. கெட்ட செய்தி கொண்டுவருபவரை ஏசுவதில்லை. ஒருமுறை தம்பி ஒருவர் தேவையில்லாமல் விற்பனையை நிறுத்தினார், வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனார். எனக்கும் கோபம் வந்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். அன்று ஏசியிருந்தால் அடுத்தமுறை யாரும் நிறுத்தமாட்டார்கள்.

எல்லோரும் முடிவெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மஷூரா செய்தபின் முடிவெடுப்பதும், அது பிழைத்தால் பொறுப்பேற்பதும் தலைவரின் வேலைதான். நிலைமை நாளுக்கு நாள் மாறும்போது அதை முதலில் காண்பவர் கல்லாவில் இருப்பவரல்ல, வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்து நிற்பவர். பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும், வர்த்தக சங்கத்துக்கும், கூட்டுறவுக்கும் இது பொருந்தும்.

இன்று இரவு கடை பூட்டுமுன் உங்கள் கடையில் ஆக இளைய ஊழியரைக் கூப்பிட்டு, "இங்க என்ன பிழையா நடக்குது தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்டுமில்ல முதலாளி" என்று அவர் சொன்னால், நாளைக்கும் கேளுங்கள்.