விளம்பரச் செலவை வெட்டினால் யாருக்கு வலிக்கும்?

பணத்தை மிச்சப்படுத்தணும் என்றால் ஓர் அரசு முதலில் எதில் கை வைக்கும்? ஆஸ்பத்திரியில் கை வைத்தால் ஊர் கொந்தளிக்கும். பள்ளிக்கூடத்தில் வைத்தால் பெற்றோர்கள் தெருவுக்கு வருவார்கள். சுற்றுலா விளம்பரத்தில் வைத்தால்? "கலர் போஸ்டர் ஒட்டுற காசு மிச்சம்" என்று நாமே கைதட்டுவோம்! ஓட்டல் முதலாளியின் வியாபாரத்துக்கு ஊர்ப் பணம் எதுக்கு என்ற கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் சிவில் பிரிவு மாணவனான எனக்கு வேறொரு கேள்வி தோன்றுகிறது. கட்டடத்தில் ஒரு தூணை எடுத்துவிட்டால் அதன் மேல் இருந்த சுமை மறைந்தா போகும்? பக்கத்துத் தூணுக்குப் போகும். இங்கே அந்தப் பக்கத்துத் தூண் யார்?

இதற்கு நல்ல பாடம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம். அங்கே 1983 முதல் சுற்றுலா சம்பந்தப்பட்ட செலவுகளுக்கு 0.2 சதவீத வரி இருந்தது. அதாவது 100 டாலருக்கு 20 சென்ட். அந்தப் பணத்தில்தான் மாநிலம் தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது. 1993இல் இந்த வரி மக்கள் வாக்கெடுப்பில் தோற்றது. ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி டாலராக இருந்த விளம்பர நிதி பூஜ்யம் ஆனது.

விளைவு? இரண்டே ஆண்டுகளில் அமெரிக்க உள்நாட்டுச் சுற்றுலாவில் கொலராடோவின் பங்கு 30 சதவீதம் சரிந்தது என்று லாங்வுட்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் கணக்குச் சொன்னது. கோடைக்கால உல்லாச ஊர்கள் வரிசையில் முதலிடத்தில் இருந்த மாநிலம் 17ஆம் இடத்துக்கு இறங்கியது. (சுற்றுலாத் துறைகளுக்காகவே ஆய்வு செய்யும் நிறுவனம் அது, ஆகவே கொஞ்சம் தள்ளுபடி செய்து படிப்பவர்கள் படிக்கலாம். ஆனாலும் திசை புரிகிறது.)

சரி, சமத்துவம் எங்கே வந்தது? இங்கேதான். வேய்ல், ஆஸ்பென் போன்ற பனிச்சறுக்கு ஊர்களுக்குப் பெரிய கம்பெனிகள் உண்டு. அவை சொந்தக் காசில் விளம்பரம் செய்துகொள்ளும். மலையடிவாரத்தில் பத்து அறை மோட்டல் வைத்திருப்பவர் தேசிய டி.வி.யில் விளம்பரம் கொடுக்க முடியுமா? மாநிலத்தின் பொது விளம்பரம்தான் அவருக்கும் விளம்பரம். இன்னொன்றையும் கவனியுங்கள். வரி போனதால் மிச்சமான 20 சென்ட் பல லட்சம் பேருக்குப் பிரிந்து, யாருக்கும் தெரியாமலே போய்விடும். நஷ்டம் அப்படிப் பிரிவதில்லை. அறை காலியாக இருந்தால், துப்புரவு செய்பவரிடம் "நாளைக்கு வர வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள்.

அந்தத் துப்புரவாளர் பெரும்பாலும் யார்? உலகச் சுற்றுலா அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சுற்றுலாத் தொழிலில் வேலை பார்ப்பவர்களில் 54 சதவீதம் பெண்கள். ஆண்களைவிட அவர்களுக்குச் சம்பளம் 14.7 சதவீதம் குறைவு. ஆகவே எல்லோருக்கும் ஒரே அளவில் வெட்டுவதாகச் சொல்லும் வெட்டும் ஒரே அளவில் விழுவதில்லை. ஊரில் உள்ள தகவல் நிலையத்தை மூடி "எல்லாம் இணையத்தில் இருக்கிறது" என்று எழுதி ஒட்டுவதும் அப்படித்தான். இளைஞனுக்கு அது ஒரு நிமிட வேலை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் எங்கே என்று கேட்க வந்தவருக்கும், கண் மங்கிய பெரியவருக்கும் கவுண்டரில் இருந்த மனிதர்தான் வழி.

பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், 149ஆம் பிரிவில், இதை யோசித்தே ஆகவேண்டும் என்கிறது. வயது, ஊனம், பால், இனம், மதம் போன்றவற்றைச் சொல்லி, முடிவு எடுக்கும்முன் அவர்கள் மேல் என்ன விழும் என்று பொது அமைப்புகள் பார்க்க வேண்டும். பார்த்த பிறகும் வெட்டலாம், சட்டம் தடுக்காது. ஆனால் பார்க்காமல் வெட்டினால் நீதிமன்றத்தில் கேள்வி வரும். ஒரு குறை: ஏழை என்பது அந்தப் பட்டியலில் இல்லை! அதற்கான தனிப் பிரிவு அதே சட்டத்தில் எழுதப்பட்டும் உறங்கிக் கிடந்தது. ஸ்காட்லாந்து 2018இலும் வேல்ஸ் 2021இலும் அதை எழுப்பின.

கொலராடோ 2000இல் மறுபடி விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கியது, சுமார் 50 லட்சம் டாலர். பழைய 1.2 கோடியைத் தாண்ட 2006 ஆனது. நடுவில் 13 வருஷம். வேய்ல் அதைத் தாங்கும். அந்தப் பத்து அறை மோட்டலுக்கு வங்கி அத்தனை வருஷம் தவணை கொடுக்குமா?