சேதுபதி காலத்து உடையில் தெய்வங்கள்

கேள்வி: பழைய சுவரோவியங்களில் தெய்வங்கள் நாயக்கர், சேதுபதி காலத்து உடையில் இருக்கின்றன. இது பிழைதானே? கும்பாபிஷேகத்தின்போது திருத்தி எழுதினால் என்ன? (வாசகர், அருப்புக்கோட்டை)

பதில்: பிழையில்லை. தியான சுலோகங்கள் கைகளின் எண்ணிக்கை, ஆயுதம், வாகனம், நிறம் ஆகியவற்றைத்தான் பெரும்பாலும் வரையறுக்கின்றன. சேலையின் கரையும் தலைப்பாகையின் கட்டும் ஓவியரின் விருப்பம். உங்கள் அருப்புக்கோட்டை 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த ராமநாதபுரத்து அரண்மனையான ராமலிங்க விலாசத்தில், 18ஆம் நூற்றாண்டு ஓவியத்தில் ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் தருகிறாள். மன்னரின் கோலம் அன்றைய அரண்மனைக் கோலம். திருவாரூர் தேவாசிரிய மண்டப ஓவியத்திலோ தியாகராஜரின் ஊர்வலத்தில் வாணவேடிக்கையே நடக்கிறது. தியாகராஜரைத் தேவலோகத்திலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் முசுகுந்த மன்னன் காலத்தில் வெடிமருந்து ஏது என்று அந்த ஓவியர் கவலைப்படவில்லை; தன் ஊர்த் திருவிழாவைத்தான் தேவலோகத்துக்கும் கொண்டுபோனார். பக்தர் தம் சாமியை அடையாளம் காண அதுவே வழி.

மங்கிய படத்தால் பக்தருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சுவரோவியம் மூலவர் அல்ல. அதற்கு அபிஷேகம் இல்லை, புதுப்பித்தே ஆகவேண்டிய கட்டாயமும் இல்லை. நாயக்கர்களே சோழர் ஓவியத்தின்மேல் வரையவில்லையா என்பீர்கள். வரைந்தார்கள், 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலில் அதைக் கண்டுபிடிக்கும்வரை சோழரின் கைவண்ணம் யாருக்கும் தெரியாமலே போயிற்று. மேலே பூசியதும் சுண்ணத்தின் மீதிட்ட வண்ணம் என்பதால் பிரிக்க முடிந்தது. இன்றைய எனாமல் ஈரத்தை உள்ளே அடைத்து, உரியும்போது காரையையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். புதிய படம் வேண்டுமானால் வெற்றுச் சுவரில் எழுதுங்கள். பழையதைத் தொல்லியல் வல்லுநர்களைக் கொண்டு சுத்தம் செய்யுங்கள்.