கோர்ட் கட்டணம் கட்ட வழியில்லையா?



வடுகபட்டியில் குழுக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது, பூண்டு மண்டிக்கு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறார். பணம் திரும்பி வரவில்லை.

"கேஸ் போட்டா கோர்ட்டுக்குப் பணம் கட்டணுமாமே மேடம்? ஏழைன்னா கட்ட வேண்டாம்னாங்க. அதுக்கு வருமானச் சான்றிதழ் வாங்க ரெண்டு மாசமா அலையுறேன்" என்றார்.

அவர் அலைந்திருக்கவே வேண்டாம். ஏன் என்று பார்ப்போம்.

கட்டணம் எவ்வளவு?

தமிழ்நாட்டில் 2017 திருத்தத்துக்குப் பிறகு, பணம் கேட்டுப் போடும் வழக்குக்கு நூற்றுக்கு 3 ரூபாய். 1 லட்சத்துக்கு 3,000 ரூபாய். வக்கீல் செலவு தனி.

முதல் வழி: இலவச சட்ட உதவி

1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. பெண் என்பதே தகுதி. மற்ற ஆண்களுக்குத்தான் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் என்ற வரம்பு.

வழக்கில் நியாயம் இருக்கிறதா என்று பார்த்து வக்கீல் தருவார்கள். கோர்ட் கட்டணத்தையும் அவர்களே ஏற்பார்கள். நம் பகுதிக்கு, பெரியகுளம் நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். விவரம் கேட்க 15100-க்குப் போன் செய்யலாம்.

இரண்டாம் வழி: வறியவர் மனு

உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 33. கட்டணம் கட்ட வசதியில்லை என்று வழக்குப் போடும் கோர்ட்டிலேயே மனுச் செய்வது. தாலி, துணிமணி, சமையல் பாத்திரம், கூலித் தொழிலாளி குடியிருக்கும் சொந்த வீடு இவற்றை வசதியாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். ஆனால் இருப்பதை எல்லாம் பட்டியலில் எழுத வேண்டும். குழுச் சேமிப்பையும் மறைக்கக் கூடாது. மனுவுக்கு முந்தைய 2 மாதத்துக்குள் ஏமாற்றும் எண்ணத்தோடு சொத்தைக் கைமாற்றியிருந்தால் மனு தள்ளுபடியாகும்.

இது முழுத் தள்ளுபடி அல்ல, அப்போதைக்குப் பொறுத்துக்கொள்வதுதான். ஜெயித்தால் கிடைப்பதிலிருந்து கட்டணத்தை அரசு எடுத்துக்கொள்ளும். தோற்றால் நம்மையே கட்டச் சொல்வார்கள்.

ஹரியானாவில் அரசுப் பேருந்து மோதி இறந்தவரின் மனைவியும் மகளும் நஷ்டஈடு கேட்டபோது, அவர்கள் கட்டணம் கட்டியே ஆக வேண்டும் என்று அந்த மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. கட்டணத்தைக் காட்டி ஏழைகளுக்குக் கோர்ட் கதவை அடைக்கக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

கெடு முக்கியம்

புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து 3 வருடம்தான் கெடு. சட்ட உதவிக்கு மனுக் கொடுத்தால் மட்டும் கெடு நிற்காது. கெடுவுக்குள் வழக்கு கோர்ட்டில் தாக்கலாக வேண்டும். வறியவர் மனு அப்படி இல்லை. கோர்ட்டில் மனுக் கொடுத்த தேதியே வழக்குப் போட்ட தேதியாகக் கணக்காகும்.

அந்த அக்காவின் நோட்டுக்கு இன்னும் 4 மாதம் இருந்தது. மறுநாளே குழுப் பிரதிநிதியோடு பெரியகுளம் போய் மனுக் கொடுத்துவிட்டார். இன்னும் 4 மாதம் சான்றிதழுக்கே அலைந்திருந்தால்?

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் யாரிடமாவது பழைய புரோநோட்டு இருக்கிறதா? தேதி என்ன?
2. கட்டணத்துக்குப் பயந்து வழக்குப் போடாமல் இருப்பவர் யார்? அவரோடு யார் துணைக்குப் போவது?